நம்ம ஊரை நாமே படம் எடுப்போம்: தை முதல் பங்குனி வரை

(குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டுப் பேசுவதற்கான பாடம்)



போன வருஷம் மாசி மாசம் நம்ம கூட்டமைப்பில் உள்ள ஒரு குழுவில் மூத்த உறுப்பினர் ஒருவர் இறந்துபோனார். குழு ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு கூட்டம்கூட விடாமல் வந்தவர். மறுநாள் காலையில் அவர் மகள் எனக்கு போன் செய்தாள். "மேடம், அம்மா போட்டோ எதுனா உங்ககிட்ட கீதா? பேனருக்கு வேணும். வீட்ல ஒண்ணுகூட இல்ல மேடம்" என்று அழுதாள்.

நானும் தேடினேன். கிடைத்தது ஒன்றே ஒன்று. வங்கிக் கடனுக்காக எடுத்த குழு போட்டோ. அதில் மூணாவது வரிசையில், முன்னால் நிற்பவர் தோளுக்குப் பின்னால் பாதி முகம் தெரிந்தது. ஸ்டுடியோக்காரர் அந்தப் பாதி முகத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தார். அதுதான் கருமாதிக்கு மாலை போட்ட படம்.

அந்த வீட்டில் மூணு செல்போன் இருக்கிறது. பேரன் பிறந்தநாள், புது வண்டி, கல்யாண வீடு, கோயில் திருவிழா என்று நூற்றுக்கணக்கில் படம் இருக்கிறது. அம்மா மட்டும் இல்லை. ஏன் இல்லை என்று மகளிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "எப்ப படம் எடுத்தாலும் அம்மா எதுனா வேலையா இருப்பாங்க மேடம்."

சகோதரிகளே, இந்தப் பதிலை என்னால் மறக்க முடியவில்லை. வேலை செய்ததால் அவர் படத்தில் இல்லை. உண்மையில் அந்த வேலையைத்தானே படம் எடுத்திருக்க வேண்டும்? அதனால்தான் இந்த மாதப் பாடத்துக்கு இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

நம்மை யார் படம் எடுக்கிறார்கள்?

ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். ஆதார் அட்டைக்கு எடுத்தார்கள். வங்கிக்கு எடுத்தார்கள். நூறு நாள் வேலையில் 2021-இல் செல்போன் செயலி மூலம் வருகைப் பதிவு கொண்டு வந்தார்கள். 2023 ஜனவரி 1 முதல் வேலை நடக்கும் எல்லா இடத்திலும் ஒரு நாளைக்கு இரண்டு தடவை படம் எடுத்து ஏற்றுவது கட்டாயம் என்று ஆக்கினார்கள். அரசு வீடு கட்டினால் அடித்தளம், சுவர், கூரை என்று கட்டத்துக்குக் கட்டம் படம் எடுத்த பிறகுதான் அடுத்த தவணை வருகிறது. எங்களைப் போன்ற தொண்டு நிறுவனக்காரர்களும் அறிக்கைக்காக எடுக்கிறோம்.

இதெல்லாம் நம்மைச் சரிபார்க்க அடுத்தவர்கள் எடுக்கிற படம். நமக்காக நாம் எடுக்கிற படம் எது? பெரும்பாலும் விசேஷ நாளில், நல்ல புடவை கட்டிக்கொண்டு, கையைக் கட்டி நிற்கிற படம். மீதி முந்நூற்று அறுபது நாள் எங்கே போனது?

மற்ற ஊர்ப் பெண்கள் செய்தது

இது நமக்கு மட்டும் உள்ள கஷ்டம் இல்லை. 1990-களில் சீனாவில் யுன்னான் என்ற மாகாணத்தில் 62 கிராமப் பெண்கள் கையில் கேமரா கொடுத்தார்கள். அவர்களில் பலர் அதற்கு முன் கேமராவைத் தொட்டதே இல்லை. கரோலின் வாங், மேரி ஆன் பரிஸ் என்ற இரண்டு பெண்கள் இந்த முறையை உருவாக்கினார்கள். "உங்கள் தினசரி வாழ்க்கையை எடுங்கள்" என்பதுதான் வேலை. பிறகு எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொரு படத்தையும் பற்றிப் பேசினார்கள். அதிகாரிகளையும் கூப்பிட்டுக் காட்டினார்கள். பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் பிள்ளைகளைக் கழனிக்குத் தூக்கிப்போகிற படங்கள் அதில் இருந்தன. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு வேண்டும் என்ற பேச்சு அப்படித்தான் அதிகாரிகள் காதுக்குப் போனது. இந்த முறைக்கு 'போட்டோவாய்ஸ்' என்று பேர். படத்தால் பேசுவது என்று வைத்துக்கொள்ளலாம்.

நம் நாட்டில் அதற்கும் முன்பே நடந்திருக்கிறது. குஜராத்தில் சேவா என்ற பெண் தொழிலாளர் சங்கம் 1984-லேயே தன் உறுப்பினர்களுக்கு வீடியோ எடுக்கக் கற்றுக்கொடுத்தது. காய்கறி விற்கிறவர்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் எல்லாம் வீடியோ எடுத்தார்கள். தெலங்கானாவில் ஜஹீராபாத் பக்கம் தக்காண வளர்ச்சிச் சங்கத்தைச் சேர்ந்த தலித் பெண்கள் தங்கள் விதை, தங்கள் பயிர் பற்றிப் படம் எடுத்தார்கள்.

பத்திரிகையாளர் சாய்நாத் 1993 முதல் 2002 வரை பத்து மாநிலங்களில் பெண்கள் செய்கிற வேலையைப் படம் எடுத்துக் கண்காட்சி வைத்தார். வேலை கண்ணுக்குத் தெரிகிறது, செய்கிற பெண் தெரியவில்லை என்பதுதான் அதன் தலைப்பின் பொருள். அதில் ஒரு பகுதி முழுக்க முழுக்க குனிந்து நிற்கும் பெண்கள். நடவில் குனிவு, களையில் குனிவு, பெருக்குவதில் குனிவு. வாழ்நாள் முழுக்கக் குனிந்தே போகிறது. நமக்குத் தெரியாததா? ஆனால் வரிசையாகப் பார்க்கும்போதுதான் சுருக்கென்று இருக்கிறது.

நம் தமிழ்நாட்டில் மதுரையைச் சேர்ந்த பழனிகுமார் தூய்மைப் பணியாளர்களின் வாழ்க்கையைத் தொடர்ந்து படம் எடுத்து வருகிறார். அவருடைய அம்மா மீன் விற்று அவரை வளர்த்தவர். உழைக்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அவர் கேமரா பிடிக்கக் கற்றுத்தருகிறார்.

ஏன் தை முதல் பங்குனி வரை?

நம் பெரியவர்கள் வருஷத்தை ஆறு பருவமாகப் பிரித்தார்கள். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரை பிறந்தால் இளவேனில். பனி போய் வெயில் வருகிற இந்த மூணு மாசத்தில் நம் மாவட்டம் மாறுகிற மாதிரி வேறு எப்போதும் மாறாது.

தையில் பாருங்கள். சம்பா அறுப்பு ஒரு பக்கம், நவரை நடவு இன்னொரு பக்கம். ஒரே வரப்பின் இந்தப் பக்கம் மஞ்சள், அந்தப் பக்கம் பச்சை. காலையில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போகிற கம்பெனி பஸ்ஸுக்காகப் பெண் பிள்ளைகள் பனியில் துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு நிற்பார்கள். மாமரத்தில் பூ வந்திருக்கும். பழவேற்காடு ஏரியில் பூநாரைகள் இருக்கும்.

மாசியில் ஏரித் தண்ணீர் கரையை விட்டு உள்ளே இறங்கும். செங்கல் சூளைகளில் வேலை மும்முரமாக இருக்கும். புளி உலுக்கி, ஓடு உடைத்து, கொட்டை எடுக்கிற வேலை வீட்டுத் திண்ணைக்கு வரும். மாசி மகத்துக்கு இருளர் சகோதர சகோதரிகள் மாமல்லபுரம் கடற்கரைக்குக் குடும்பத்தோடு போவார்கள்.

பங்குனியில் வேம்பு பூக்கும். புங்கமரம் புதுத் தளிர் விடும். நெடுஞ்சாலை ஓரம் தர்பூசணி குவியும், நுங்கு தலை காட்டும். பைப்பில் தண்ணீர் குறைந்து குடங்கள் வரிசை கட்டும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2022 முதல் வருஷத்துக்கு ஆறு கிராம சபை. ஜனவரி 26 குடியரசு நாள், அதாவது தை 12 வாக்கில் ஒன்று. அடுத்தது மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், பங்குனி 8 வாக்கில். (சில சமயம் தேதி தள்ளிப்போகும், ஊராட்சியில் கேட்டுக்கொள்ளவும்.) நடுவில் இருப்பது எட்டு வாரம். இந்த எட்டு வாரத்தில் நம் ஊரில் என்ன மாறியது என்று படத்தோடு போய் உட்கார்ந்தால் எப்படி இருக்கும்?

பூண்டி, சோழவரம், புழல், 2020-இல் திறந்த கண்ணன்கோட்டை–தேர்வாய் கண்டிகை என்று சென்னைக்குக் குடிதண்ணீர் தருகிற ஏரிகள் நம் மாவட்டத்தில்தான் இருக்கின்றன. அதில் எத்தனை அடி தண்ணீர் என்று பேப்பரில் போடுகிறார்கள். நம்ம ஊர் சின்ன ஏரியில் எத்தனை அடி என்று யார் போடுவார்கள்? நாம்தான் எடுத்து வைக்க வேண்டும்.

மதகுப் படியில் எட்டுப் படம்

கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு ஊர். நம் குழு அக்கா ஒருவர் ஆடு மேய்க்கிறவர். மகன் வாங்கிக்கொடுத்த பழைய செல்போன் வைத்திருக்கிறார். "தினமும் மதகுப் பக்கம்தான் போறேன் மேடம், அங்கயே எடுக்கட்டா?" என்று கேட்டார். வாரம் ஒருநாள், புதன்கிழமை காலை, மதகின் மேல்படியில் நின்று, எதிரில் இருக்கிற பனைமரம் படத்தின் வலது ஓரத்தில் வருகிற மாதிரி எடுக்கச் சொன்னேன். அவ்வளவுதான் பயிற்சி.

முதல் வாரப் படத்தில் பாசனக் கால்வாயின் வாயில் இரண்டு மூட்டைக் குப்பை. மூணாவது வாரத்தில் அது சிறு குவியல். ஐந்தாவது வாரத்தில் கோழி இறகு, பிளாஸ்டிக் தட்டு, தெர்மாகோல். ஏழாவது வாரத்தில் கால்வாய் வாயே தெரியவில்லை. ஏரியில் தண்ணீர் இருக்கிறது, கடைசிக் கழனிக்கு ஏறவில்லை. அந்தக் கடைமடையில் நம் உறுப்பினர்கள் நாலு பேர் குத்தகைக்கு எடுத்து நவரை நட்டிருந்தார்கள். ஒருவர் அதற்காகக் குழுவில் கடன் வாங்கியிருந்தார்.

கிராம சபையில் இதைச் சொன்னபோது ஒரு பெரியவர், "அது எப்பவும் அப்படித்தான்மா கீது, இன்னா புதுசா சொல்ற?" என்றார். அக்கா பதில் பேசவில்லை. எட்டுப் படத்தையும் ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோயிருந்தார். மேசை மேல் வரிசையாக வைத்தார். எழுந்து வந்து பார்த்தார்கள். எப்பவும் அப்படி இல்லை, எட்டே வாரத்தில் வந்தது என்று எல்லோருக்கும் தெரிந்தது. கால்வாயைச் சுத்தம் செய்யத் தீர்மானம் எழுதினார்கள்.

முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். பாதிக் குப்பையை எடுத்தார்கள். இரண்டு பேர் கழனிக்குத் தண்ணீர் ஏறியது, இரண்டு பேருக்குப் பயிர் காய்ந்துவிட்டது. கடன் வாங்கியவர் காய்ந்தவர்களில் ஒருவர். "ரெண்டாவது வாரத்துலயே இந்தப் படத்த எடுத்துக்கினு போயிருக்கணும் மேடம்" என்றார். அவர் சொன்னது சரி. எட்டு வாரம் முடியட்டும் என்று சொன்னது நான்தான். ஆகவே சகோதரிகளே, படத்தில் அவசரமாக ஏதாவது தெரிந்தால் கிராம சபை வரைக்கும் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே ஊராட்சி அலுவலகத்துக்கு எடுத்துப் போங்கள்.

எடுப்பது எப்படி?

பெரிய கேமரா வேண்டாம். கையில் இருக்கிற செல்போன் போதும். இதை மட்டும் கவனியுங்கள்.

1. முதலில் கேமராக் கண்ணாடியைத் துடையுங்கள். சமையல் கை எண்ணெயும், தை மாசப் பனி ஈரமும் அதில் படிந்திருக்கும். படம் மங்கலாக வருகிறது என்று சொல்கிற பாதிப் பேருக்கு இதுதான் காரணம். சுத்தமான பருத்தித் துணி போதும்.

2. வெயில் உங்கள் முதுகுப் பக்கமோ தோள் பக்கமோ இருக்கட்டும். எடுக்கப்படுகிறவர் பின்னால் வெயில் இருந்தால் முகம் கறுத்துப்போகும். வேறு வழியில்லை என்றால் திரையில் அவர் முகத்தின் மேல் விரலால் ஒரு தடவை தொடுங்கள், முகம் வெளுத்து வரும்.

3. நல்ல நேரம் காலையும் சாயங்காலமும். தை மாசத்தில் சூரியன் ஆறரைக்கு மேல்தான் எழும். பங்குனியில் ஆறு பத்துக்கே வந்துவிடும். எழுந்ததிலிருந்து இரண்டு மணி நேரம் வெளிச்சம் இதமாக இருக்கும். பங்குனி உச்சி வெயிலில் கண்ணுக்குக் கீழே கறுப்பு நிழல் விழும். அப்போது மரத்தடியிலோ திண்ணையிலோ எடுங்கள்.

4. பனியில் எடுக்கும்போது படம் சாம்பல் கலராக வரும். திரையைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். பனியில் தூரத்து மரத்தை எடுப்பதைவிடப் பக்கத்தில் இருக்கிற ஆளை எடுத்தால் படம் நன்றாக வரும்.

5. விரலால் இழுத்துப் பெரிதாக்காதீர்கள். நாலு அடி முன்னால் நடந்து போங்கள். செல்போன் இழுத்துக் காட்டுவது பெரும்பாலும் தெளிவு இல்லாமல்தான் வரும்.

6. ஒரு வேலைக்கு மூணு படம். தூரத்திலிருந்து ஒன்று: இடம் தெரியணும். நடுவில் ஒன்று: ஆளும் வேலையும் தெரியணும். கிட்டத்தில் ஒன்று: கை தெரியணும். நடவு என்றால் முழுக் கழனி, குனிந்து நிற்கும் வரிசை, நாற்றுப் பிடித்த கை. இந்த மூணும் சேர்ந்தால் முழுக்கதை.

7. "சிரிங்க" என்று சொல்லாதீர்கள். வேலையை நிறுத்தவும் சொல்லாதீர்கள். பத்து நிமிஷம் பக்கத்தில் இருங்கள். படம் எடுக்கிறோம் என்பதை அவர்களே மறந்துவிடுவார்கள், பிறகு எடுங்கள்.

8. படத்துக்கு நாலு வரி எழுதுங்கள். தேதி, இடம், என்ன வேலை, எத்தனை மணி நேரம். கூலி வேலை என்றால் கூலி எவ்வளவு. எழுத வராதவர்கள் பேசிப் பதிவு செய்யலாம், அல்லது பள்ளிக்கூடம் போகிற பிள்ளை எழுதலாம். நாலு வரி இல்லாத படம் பத்து வருஷம் கழித்து யாருக்கும் எதுவும் சொல்லாது.

எதை எடுக்கலாம்?

அழகாக இருப்பதை எடுங்கள், தப்பே இல்லை. கோலம், மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் வண்ணம், மாம்பூ எல்லாம் நம் சந்தோஷம். ஆனால் அதோடு நிறுத்த வேண்டாம். கீழே உள்ளவற்றையும் யோசியுங்கள்.

அம்மாவும் மாமியாரும் செய்கிற வேலை. விடியற்காலை நாலு மணிக்கு அடுப்பு. சாணி வாரும் கை. பழவேற்காட்டில் பனை ஓலைப் பெட்டி முடைகிறவர்களின் விரல். ஓலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு தண்ணீரில் இறங்கிக் கையால் துழாவி எறா பிடிக்கிற இருளர் பெண்கள். ஷிப்ட் முடிந்து வந்து அப்படியே பாத்திரம் தேய்க்க உட்காருகிற மகள். கருவுற்ற பெண் தூக்குகிற குடம். கூட்டத்துக்கு வந்து ஓரமாக நின்று பேசாமல் போகிறவர்.

போகிப் பண்டிகை அன்று பழைய டயர், பிளாஸ்டிக் எரிக்கிறார்கள். குளிர்ந்த காற்று மேலே எழும்பாது, புகை தரையோடு படுத்துக்கிடக்கும். அன்றைக்குக் காலை ஒரு படம், ஒரு வாரம் கழித்து அதே இடத்தில் ஒரு படம். பிள்ளைகளுக்கு இருமல் ஏன் வந்தது என்று பேச அது போதும்.

கேட்டுவிட்டு எடுப்போம்

இதை என் தப்பிலிருந்து சொல்கிறேன். நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் ஓர் இருளர் குடியிருப்புக்குப் போனேன். ஓலை பிய்ந்த வீட்டு வாசலில் ஓர் அக்கா பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டு இருந்தார். கேட்காமல் எடுத்தேன். படம் நன்றாக வந்தது. ஒரு துண்டுப் பிரசுரத்தில் போட்டோம். கீழே வறுமை பற்றி ஒரு வரி எழுதியவளும் நான்தான்.

சில மாதம் கழித்து அந்தப் பிரசுரம் அந்தப் பெண் குழந்தை படிக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. மற்ற பிள்ளைகள் கேலி செய்திருக்கிறார்கள். ஒரு வாரம் அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். அந்த அக்கா கத்தவில்லை. "வூட்ட மட்டும் எடுத்துக்கினு போயிட்டியே மேடம். அன்னிக்குக் காலைல நான் மூணு கிலோ எறா பிடிச்சாந்தேன். அத்த எடுக்கலியே" என்றார். சமூகப் பணி படிப்பில் எனக்கு யாரும் கற்றுக்கொடுக்காத பாடம் அது.

அதனால் நம் விதிகள்:

எடுக்கும் முன் கேட்க வேண்டும். எதற்கு, யார் பார்ப்பார்கள் என்றும் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். எடுத்ததை அவரிடம் காட்ட வேண்டும். அழிக்கச் சொன்னால் அவர் கண் முன்னாலேயே அழிக்க வேண்டும்.

குளிக்கிற இடம், துணி மாற்றுகிற இடம், பால் கொடுக்கிற நேரம், நோயாளி, சாவு வீடு, சண்டை இவற்றில் கேமராவை எடுக்கக் கூடாது. ஒருவருடைய அந்தரங்கத்தைப் படம் எடுப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவில் மூணு வருஷம் வரை சிறை கிடைக்கிற குற்றம். நம் படத்தை யாராவது அப்படிப் பயன்படுத்தினால் பயந்து ஒளிய வேண்டாம். 181 பெண்கள் உதவி எண்ணுக்குப் பேசுங்கள், குழுவிலும் சொல்லுங்கள்.

பிள்ளைகள் படம் என்றால் அப்பா அம்மாவைக் கேட்க வேண்டும். பள்ளிக்கூடப் பேர், வீட்டு விலாசம் தெரிகிற மாதிரி வெளியே அனுப்பக் கூடாது. சூளை, ஆலை இவற்றுக்குள் தனியாகப் போய் எடுக்க வேண்டாம். அங்கே வேலை செய்கிறவர் முகம் வெளியே வந்தால் அவர் வேலைக்கே ஆபத்து வரலாம். பூநாரை இருக்கிற இடத்துக்குக் கிட்டே போய் விரட்ட வேண்டாம்.

படம் சாட்சியாக நிற்க வேண்டும் என்றால்

மழையிலோ வெள்ளத்திலோ பயிர் போனால் உடனே படம் எடுங்கள். பிரதமர் பயிர்க் காப்பீட்டில் ஆலங்கட்டி மழை, வெள்ளம் தேங்குதல் போன்ற அந்தந்தக் கழனிக்கு மட்டும் வரும் சேதத்தையும், அறுத்துக் காயப்போட்ட பயிர் நனைந்த சேதத்தையும் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. தைப் பனியில் கழனியில் அறுத்துப் போட்டுக் கிடக்கிற நெல்லுக்கு எதிர்பாராத மழை வந்தால் இது ஞாபகம் இருக்கட்டும்.

செல்போனில் தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். முதலில் எடுத்த படத்தை அழிக்காதீர்கள், அதன் மேல் பூ, எழுத்து எதுவும் ஒட்டாதீர்கள். வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும், எடுத்த தேதி, இடம் பற்றிய விவரமும் போய்விடும். 'டாக்குமெண்ட்' என்ற இடத்தில் வைத்து அனுப்பினால் அப்படியே போகும். கோர்ட் வரைக்கும் போகிற விஷயம் என்றால் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி அதற்குச் சான்றிதழ் கொடுக்க வேண்டியிருக்கும். அதற்காகத்தான் முதல் படம் பத்திரமாக இருக்கணும் என்று சொல்கிறேன்.

செல்போன் தண்ணீரில் விழும், தொலையும், பிள்ளை அழித்துவிடும். ஆகவே மாதம் நாலு நல்ல படத்தை ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டு, பின்னால் தேதி எழுதி, குழுவின் தீர்மான நோட்டு இருக்கிற பெட்டியிலேயே வையுங்கள்.

கூட்டத்தில் செய்ய வேண்டியது

செல்போன் இல்லாத உறுப்பினரும் இதில் சேரலாம். இரண்டு பேருக்கு ஒரு போன் போதும். ஒருவர் எடுக்கட்டும், ஒருவர் நாலு வரி சொல்லட்டும். வாரக் கூட்டத்தில் சேமிப்பு, தவணை எல்லாம் முடித்த பிறகு பதினைந்து நிமிஷம் ஒதுக்குங்கள். இரண்டே இரண்டு படத்தை எடுத்துக்கொண்டு இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்.

1. இந்தப் படத்தில் என்ன தெரிகிறது?
2. படத்தில் தெரியாமல் என்ன நடக்கிறது?
3. இது நம் வாழ்க்கையை எப்படித் தொடுகிறது?
4. ஏன் இப்படி இருக்கிறது?
5. இதில் நாம் என்ன செய்யலாம்? யாரிடம் போகலாம்?

இந்தக் கேள்விகளுக்கு ஊக்குநர் பதில் சொல்லக் கூடாது. படம் எடுத்தவர் முதலில் பேசட்டும், எப்போதும் பேசாதவர் இரண்டாவதாகப் பேசட்டும்.

வீட்டுப்பாடம்

ஒன்று: உங்கள் ஊரில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஏரி மதகு, குடிதண்ணீர்த் தொட்டி, அங்கன்வாடி வாசல், எதுவாகவும் இருக்கலாம். தை மாத கிராம சபையிலிருந்து பங்குனி மாத கிராம சபை வரைக்கும் வாரம் ஒரு படம், அதே இடம், அதே நேரம்.

இரண்டு: உங்கள் வீட்டில் மூத்த பெண் யாரோ, அவர் வேலை செய்யும்போது ஒரு படம். முகம் முழுசாகத் தெரியணும். இதை இந்த வாரமே செய்துவிடுங்கள்.

மூன்று: உங்களையும் யாரையாவது எடுக்கச் சொல்லுங்கள். "அய்ய, என்னைப் போயா?" என்று சொல்லி முந்தானையால் முகத்தை மூடாதீர்கள்.

இந்தப் பாடத்தை ஒரு குழுவில் வாசித்துக் காட்டியபோது, கருமாதிப் படத்துக்கு என்னிடம் போன் செய்த அந்த மகளும் வந்திருந்தாள். அம்மா இடத்தில் இப்போது அவள் உறுப்பினர். கூட்டம் முடிந்ததும் தன் போனைக் காட்டினாள். அவளுடைய மாமியார், சாயங்கால வெயிலில் திண்ணையில் உட்கார்ந்து புளியங்கொட்டை எடுக்கிற படம். முகத்தில் சிரிப்பு இல்லை. என்ன பார்க்கிற என்று கேட்கிற மாதிரி ஒரு பார்வை. கீழே நாலு வரி எழுதியிருந்தாள். தேதி, இடம், வேலை, காலையிலிருந்து எத்தனை மணி நேரம் என்று.

"அத்தைக்கு இந்தப் படம் பிடிச்சிருக்கா?" என்று கேட்டேன்.

"காட்டினேன் மேடம். இது நானான்னு கேட்டாங்க. அப்புறம் போனக் குடுக்கவே இல்ல."

அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் ஐந்து படம் கொண்டு வாருங்கள். கயிறு கட்டித் தொங்கவிட்டு எல்லோரும் பார்ப்போம். மார்ச் 22-க்கு எந்தப் படம் போக வேண்டும் என்று அங்கேயே உட்கார்ந்து முடிவு செய்வோம்.



அன்புடன்,
உங்கள் கள ஒருங்கிணைப்பாளர்